வை-ஃபை தடுமாறுகிறதா? கட்டளை கொடுத்துக் காரணம் தேடலாம்

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் தங்கைக்கு ஆன்லைன் மாதிரித் தேர்வு இரண்டு முறை பாதியில் அறுந்துவிட்டது. கடைக்காரர் "ரவுட்டர் பழசு, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா 2,500 ரூபாயை எடுத்தும் வைத்துவிட்டார். "ஒரு நாள் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் லேப்டாப்பைத் திறந்தேன்.

முதலில் கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று தெரிய வேண்டும். விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருப்பதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி. எங்கள் வீட்டில் 192.168.1.1.

அடுத்து பிங், ஓர் இடைவெளி, அந்த முகவரி, மீண்டும் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டி டி எழுத்து. என்டர் தட்டினால் பதில்கள் வரிசையாக வரும். நிறுத்த கன்ட்ரோலுடன் சி. பத்து மில்லி செகண்டுக்குள் வந்தால் நல்லது. தங்கை அறையில் 600 வரை போனது. நடுநடுவே 'ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்'. எப்போதாவது ஒன்று தவறினால் கவலை வேண்டாம். ஆனால் பக்கத்து அறை ரவுட்டரிடமிருந்தே பதில் இப்படி வந்தால், இன்டர்நெட் நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

இப்போது நெட்ஷ் கட்டளை (என், இ, டி, எஸ், எச்). அதன்பின் இடைவெளி விட்டு டபிள்யூலேன் (டபிள்யூ, எல், ஏ, என்), ஷோ, இன்டர்ஃபேசஸ். சிக்னல் 38%, சேனல் 6 என்றது. கடைசிச் சொல்லுக்குப் பதில் நெட்வொர்க்ஸ் என்றும், பிறகு மோட்=பிஎஸ்எஸ்ஐடி என்றும் கொடுத்தால் அக்கம்பக்கத்து வை-ஃபைகளும் சேனலோடு தெரியும். அதற்கு முன் வை-ஃபை பட்டியலை ஒருமுறை திறந்து மூடுங்கள். இல்லாவிட்டால் பழைய விவரமே வரும். புதிய விண்டோஸ் 11-இல் லொகேஷன் அனுமதியும் கேட்கும்.

எங்கள் தெருவில் ஒன்பதில் ஏழு பேர் 6-இல் உட்கார்ந்திருந்தார்கள்! 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு வை-ஃபைக்கோ சுமார் 20 வேண்டும். அதனால் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டுமே. காலியாகத் தெரிகிறதே என்று 3-க்கோ 4-க்கோ மாற்றாதீர்கள். இரு பக்கத்து இரைச்சலும் உங்கள் தலையில் விழும்.

பிரவுசரில் ரவுட்டர் முகவரியை அடித்து, அதன் அடியில் ஒட்டியிருக்கும் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனேன். (பாஸ்வேர்டை ஏற்கெனவே மாற்றியிருந்தால் அதைக் கொடுக்கவும்.) வயர்லெஸ் பகுதியில் சேனல் 11, அகலம் 20 என மாற்றி சேவ் செய்தேன். ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டர் என்றால் இதையும் கட்டளையாலேயே முடிக்கலாம். புதியவர்களுக்கு இந்தப் பக்கமே போதும்.

டைம்டு அவுட் நின்றது. சிக்னல் மட்டும் அதே 38%. போய்ப் பார்த்தால், ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால்! ஹால் அலமாரிக்கு மாற்றினோம், 71% ஆனது. அன்று இரவே தங்கை ஒரு மணி நேர மாதிரித் தேர்வை முழுதாக எழுதினாள். அப்பா பணத்தைத் திரும்பப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.