நாக்குப்பூச்சி வளர்க்க மண் வேண்டாம்

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால் திருச்சிக்காரர்களில் ஒரு சாராருக்குக் கை சும்மா இருக்காது. முக்கொம்பிலிருந்து கல்லணை வரைக்கும், கொள்ளிடக் கரையிலும், உய்யகொண்டான் வாய்க்கால் ஓரத்திலும் தூண்டிலும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். முள், நரம்பு, தக்கை எல்லாம் கடையில் வாங்கிவிடலாம். இரைக்கு வேண்டிய நாக்குப்பூச்சிக்குத்தான், அதாவது மண்புழுவுக்குத்தான், அலைச்சல். வாய்க்கால் கரை, குழாயடி, வாழைத்தோட்டம் என்று மண்வெட்டியோடு திரிந்து சலித்தவர்களுக்கு ஒருநாள் தோன்றும்: ‘வீட்டிலேயே வளர்த்தால் என்ன?’

நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஒரு மாதத்துக்குள் தொட்டி காலியாகிவிடுகிறது. புழு என்ன தின்னும், எங்கே வாழும் என்பது பற்றி நாம் கேள்விப்பட்டதில் பாதி தவறு என்பதே காரணம்.

‘மண்புழுதானே, மண்ணைப் போட்டால் போதும்’

எல்லாத் தோல்விக்கும் தாய் இந்த நம்பிக்கை. பள்ளிப் பாடத்தில் படித்த ‘உழவனின் நண்பன்’ மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கிற புழு. 1881இல் டார்வின் தனிப் புத்தகமே எழுதியதும், 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் சுந்தரம் பிள்ளை நாங்கூழ் என்று பாராட்டியதும் நிலத்தை உழும் புழுவின் உழைப்பைத்தான். நம் பக்கத்து வயல்களில் கிடைக்கும் லாம்பிட்டோ மாரிட்டி அந்த வகை. தோட்டத்தில் தோண்டி எடுத்து பிளாஸ்டிக் வாளியில் மண்ணோடு போட்டால் சில நாள் இருக்கும், எளிதில் பெருகாது.

தொட்டியில் பெருகுவது வேறு சாதி. அது மண்ணுக்கு மேலே, மக்கும் சருகிலும் சாணத்திலும் வாழ்வது. உரம் தயாரிப்பவர்களிடம் இதில் மூன்று வகை கிடைக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜினியே, குளிர்நாட்டுக்காரரான ஐசீனியா ஃபெடிடா, நம் நாட்டுப் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். சென்னைப் புதுக் கல்லூரியில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில், உரத்துக்கு உள்ளூர்ப் புழுக்களே போதும் என்று பல்லாண்டுகளாகச் சொல்லிவருபவர். தூண்டிலுக்கு என்னைக் கேட்டால், யூட்ரிலஸ்தான் முள்ளில் கோக்க வசதி. நீளமும் தடிமனும் உண்டு. பெரியோனிக்ஸ் மெலிந்தது, முதுகில் ஊதா மினுமினுப்பு தெரியும், சுறுசுறுப்பு அதிகம். மழை ராத்திரியில் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். அதனால் தொட்டி வாயைத் துணியால் கட்டிவைக்க வேண்டும். ஐசீனியாவைத் தொட்டால் மஞ்சளாக ஒரு நீர் கக்கும். அந்த நாற்றம் விரலை விட்டுப் போக நேரமாகும்.

திருச்சியில் தீனிக்குப் பஞ்சமே இல்லை. வாழை ஆராய்ச்சிக்கென்று தேசிய மையமே 1993இலிருந்து இங்கே இயங்கும் அளவுக்கு இது வாழை நாடு. தார் வெட்டியபின் கிடக்கும் மரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, காய்ந்த சருகோடு தொட்டியில் அடுக்கினால் அதுவே மெத்தை, அதுவே சாப்பாடு. மட்டை நீரைப் பிடித்துவைக்கும் என்பதால் தொட்டி சீக்கிரம் காயாது.

‘பச்சைச் சாணம் போட்டால் நன்றாகக் கொழுக்கும்’

செத்துப்போகும். பச்சைச் சாணம் மக்கத் தொடங்கும்போது சூடேறும். குறைந்தது இரண்டு வாரம் நிழலில் ஆறப்போட்டு, உள்ளே கைவிட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்றால்தான் தொட்டிக்குள் போக வேண்டும்.

சூடுதான் இந்த ஊரில் பெரிய எதிரி. வெயில் காலத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. தொட்டிக்குள் 35ஐத் தாண்டினாலே புழு பிழைப்பது கடினம். வெளிநாட்டுக் காணொளிகளில் மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியைக் காட்டுகிறார்கள். அதை மாடியில் வைத்தால் அக்னி நட்சத்திரத்தில் புழு வெந்துவிடும். அடியில் ஓட்டை போட்ட மண்தொட்டியே நமக்குச் சரி. சுவர் கசிந்து உலர உலர உள்ளே குளிர்ச்சி இருக்கும். கிணற்றடி நிழல், மேலே நனைத்த கோணிச்சாக்கு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுதான் விழ வேண்டும். ஒழுகினால் தண்ணீர் அதிகம்.

‘ஒன்றை வெட்டினால் இரண்டாகும்’

தூண்டில் போடும் பையன்கள் முள்ளுக்கு ஏற்ப புழுவைக் கிள்ளிவிட்டு, மிச்சத்தை ‘வளரட்டும்’ என்று தொட்டியில் போடுவார்கள். வளர்ந்த புழுவின் உடலில், தலைப்பக்கம் மோதிரம் போட்டதுபோல் ஒரு தடித்த பட்டை இருக்கும். அதற்குப் பின்னால் வெட்டுப்பட்டால் தலைப்பகுதி பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளலாம். வால் துண்டு கொஞ்ச நேரம் துடிக்கும், அவ்வளவுதான். பெரியோனிக்ஸ் மட்டும் இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் புழு. இழந்த தலையைக்கூட வளர்த்துக்கொள்ளும் என்று ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அதற்காக வெட்டிப் பெருக்க நினைப்பது வீண் வேலை. அழுகும் துண்டுகளால் தொட்டி கெடும்.

புழு பெருகுவது முட்டைக்கூடு வைத்துத்தான். ஒவ்வொன்றிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. ஆனாலும் பொதுவாக இரண்டு சேர்ந்தால்தான் இனப்பெருக்கம். கடுகைவிடச் சற்றுப் பெரிதாகச் சருகுக்கிடையே கிடக்கும் கூட்டைப் பூச்சிமுட்டை என்று நினைத்து நசுக்கிவிடாதீர்கள். சுமார் மூன்று வாரத்தில் வெள்ளை நூல் மாதிரி குஞ்சுகள் வெளியே வரும்.

‘புழு வளர்த்தால் பாம்பு வரும்’

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் தடை இது. இதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஈரமான இடத்துக்குத் தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரலாம். ஆனால் தொட்டியில் ‘பாம்புக்குட்டி’ என்று அலறி அடித்துக் கொல்லப்படுவது பெரும்பாலும் புழுப்பாம்பு. பூந்தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகின் பல நாடுகளுக்கும் பரவிவிட்ட சின்னஞ்சிறு உயிர் அது. விஷம் கிடையாது. எறும்பு, கரையான் ஆகியவற்றின் முட்டையும் புழுக்களும்தான் அதன் உணவு. உங்கள் மண்புழுவை அது தொடாது. இன்னொரு விசித்திரம், அந்த இனத்தில் எல்லாமே பெண். ஆண் துணையின்றியே பெருகுகிறது. காதுக்குள் புகுந்துவிடும் என்பது கட்டுக்கதை.

அடையாளம் காண்பது எளிது. ஒரு குச்சியில் எடுத்துப் பாருங்கள். மண்புழு வழவழவென்று, வளையம் வளையமாக, நீண்டும் குறுகியும் நகரும். புழுப்பாம்பு நீளாது, குறுகாது. செதில் பளபளக்க வளைந்து நெளிந்து ஓடும், துளியூண்டு நாக்கு வெளியே வந்து போகும். தோட்டத்து மூலையில் விட்டுவிடுங்கள்.

உண்மையான எதிரிகள் மூஞ்சூறும் கட்டெறும்பும் கோழியும்தான். தொட்டியை முக்காலியில் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

‘நாற்றம் தாங்காது’ என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. நாறினால் தீனி அதிகம் போட்டிருக்கிறீர்கள், அல்லது தண்ணீர் தேங்கியிருக்கிறது. மீன் கழிவு, எண்ணெய்ப் பண்டம், ஊறுகாய், எலுமிச்சைத் தோல் வேண்டாம்.

‘நாக்குப்பூச்சிக்கு எல்லா மீனும் வரும்’

கெளுத்தி, ஆரல், விலாங்கு வரும். அடிமண்ணில் மோப்பம் பிடித்துத் திரிபவை அவை. ஜிலேபியும் தயங்காமல் கடிக்கும். அதுவும் வந்தேறிதான்: ஆப்பிரிக்க மீன், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆப்பிரிக்கப் புழுவைக் கோத்து ஆப்பிரிக்க மீனைக் காவிரியில் பிடிக்கிறோம் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கட்லாவுக்கு வாய் மேல்நோக்கியது. மேல்நீரில் மிதவை உயிர்களைத் தின்று வளர்வது. ரோகுவுக்கு மாவும் புண்ணாக்கும் மேல். விராலுக்கு உயிருள்ள குஞ்சுமீனோ தவளையோ துள்ள வேண்டும். புழு டப்பாவோடு போய் விராலுக்குக் காத்திருந்துவிட்டு ஆற்றில் மீனே இல்லை என்று திட்டாதீர்கள்.

டப்பா நிரப்புவது சிரமமில்லை. தொட்டியில் ஒரு பகுதியை எடுத்து பிளாஸ்டிக் விரிப்பில் வெளிச்சத்தில் குவித்துவையுங்கள். புழுவுக்குக் கண் இல்லாவிட்டாலும் தோலே வெளிச்சத்தை உணரும், கீழே இறங்கிவிடும். மேலே உள்ளதை அள்ள அள்ள அடியில் புழு மட்டும் திரண்டிருக்கும்.

மிஞ்சியதை ‘மண்ணுக்கு நல்லது’ என்று கரையில் கொட்டிவிட்டு வருகிறார்கள். வட அமெரிக்காவில் பனியுகப் பனிப்பாறை மூடிய காடுகளில் பல்லாயிரம் ஆண்டுகளாக மண்புழுவே இல்லாமல் இருந்தது. தூண்டில்காரர்கள் கொட்டியதாலும் பரவிய வெளியூர்ப் புழுக்கள் அங்கே சருகுப் படுகையைத் தின்று காட்டையே மாற்றிக்கொண்டிருக்கின்றன. நம் நிலத்துக்குச் சொந்தப் புழுக்கள் உண்டு, அதனால் நிலைமை அப்படியே பொருந்தாது. ஆனாலும் வெளிநாட்டுப் புழுவை ஆற்றங்கரையில் விட ஒரு அவசியமும் இல்லை. அறுந்த நரம்போடு சேர்த்து வீட்டுக்கே கொண்டுவாருங்கள். அந்த நரம்பு கொக்கின் காலில் சுற்றும்.

காவிரிக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அணை மூடிய கோடையில் தொட்டி வைத்துப் புழுவைக் காப்பாற்றப் போராடுவதைவிட, ஆடியில் வைத்தால் புரட்டாசிக்கு இரை தயார். புரட்டாசியில் மீன் தொடமாட்டேன் என்பவர்களுக்கு ஐப்பசி இருக்கிறது. அதற்குள் புழுவும் இன்னும் கொஞ்சம் பெருகியிருக்கும்.