மனமிருந்தால் மார்க்கமுண்டு

மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பது ஆன்றோர் மொழி. இங்கு மனம் என்பது வெறும் விருப்பம் அன்று. பயனை வேண்டுவது விருப்பம்; அதற்குரிய விலையைக் கொடுக்கத் துணிவதே மனம். இவ்வேறுபாட்டைத் திருப்பூரின் அண்மைக்கால வரலாறு நன்கு விளக்கும்.

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றி, பேரூரையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலப்பது நொய்யல். காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். பின்னலாடைத் தொழில் பெருகியபோது சாயப்பட்டறைகளின் கழிவுநீர் இந்நதியில் கலந்தது. பருத்தித் துணியில் சாயம் பற்ற உப்பு மிகுதியாக வேண்டும். அவ்வுப்பு துணியில் தங்காமல் நீரோடு வெளியேறிவிடும். பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கிணறுகள் உவர்த்தன, வயல்கள் பாழாயின. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர்.

கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு ஆணையிட்டது. செலவு கட்டுபடியாகாது, வழியில்லை என்ற குரலே ஓங்கி ஒலித்தது. ஆணை நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடுமாறு நீதிமன்றம் பணித்தது. பல்லாயிரவர் பிழைப்பு கேள்விக்குறியாயிற்று.

அந்நெருக்கடியில்தான் உறுதி பிறந்தது. சவ்வு வழியே நன்னீரைப் பிரிக்கும் முறை முன்னரே இருந்தது. எஞ்சும் அடர்ந்த உப்புநீரைக் காய்ச்சி வற்றச் செய்வதே பெருந்தடை. அந்நீரைத் தெளிவித்து மீண்டும் சாயமிடவே பயன்படுத்தலாம் என்பது அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. பகையென்று எண்ணிய உப்பே மீண்டும் பயன்படும் பொருளாயிற்று.

வழி வானிலிருந்து இறங்கவில்லை. அது கழிவுநீரிலேயே இருந்தது. காணும் மனமே பிந்தி வந்தது. அதற்குள் உழவர் பலர் இழந்த நிலவளம் எளிதில் மீளக்கூடியதன்று. நகரக் கழிவுநீர் இன்றும் நொய்யலில் கலக்கிறது.

ஆணைக்கு அஞ்சிப் பிறந்த மனமே இத்துணை செய்ததெனில், அறத்தை எண்ணித் தானே பிறக்கும் மனம் எத்துணை செய்யும்! முடியாது என்று சொல்லுமுன், வழி இல்லையா, மனம் இல்லையா என ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வது நலம்.