மார்கழியில் ஏரிக்கரை வகுப்பு



குளிர்நாடுகளில் பிள்ளைகள் பனியில் விளையாடிக்கொண்டே பாடம் படிப்பார்களாம். நம்ம செங்கல்பட்டுப் பக்கம் பனிக்கட்டி ஏது? ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறையும், பறவைகள் வரும். அதுதான் நமக்குக் குளிர்காலப் பாடம்.

போன மார்கழியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை எங்கள் பசுமைப்படை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனது. அறிவியல் டீச்சரும் வந்தார்கள். முதல் நாள் தோல்விதான். "சத்தம் போடாதீங்க"ன்னு நானே கத்தினேன். ஒரு பையன் நாரைமேல் கல் வீசினான். நல்லவேளை, படவில்லை. எல்லாப் பறவைகளும் பறந்துவிட்டன.

"ஏன்டா வீசினே?"

"அது சும்மாதானே அக்கா நிக்குது!"

எனக்குக் கோபம் வந்தது. டீச்சர், "திட்டாதேம்மா. அது என்ன வேலை செய்யுதுன்னு அவனுக்குக் காட்டு" என்றார்கள்.

மறுநாள் பள்ளியில் ஒரு சோதனை செய்தோம்.

தேவையானவை: பேசின், மண் கலக்கிய தண்ணீர், இருபது மொச்சைக்கொட்டை, இடுக்கி, வடிகட்டி.

செய்முறை: மொச்சைதான் மீன். இடுக்கி, மஞ்சள்மூக்கு நாரையின் அலகு. அந்த நாரை அலகைப் பாதி திறந்து கலங்கிய தண்ணீரில் வைத்திருக்கும். மீன் பட்டதும் சட்டென்று மூடும். வடிகட்டி, கூழைக்கடாவின் பை. அது மீனைத் தண்ணீரோடு அள்ளி, தண்ணீரை வடித்துவிட்டு விழுங்கும்.

கல் வீசிய பையனிடம் இடுக்கியைக் கொடுத்தோம். ஒரு நிமிடத்தில் அவனுக்குக் கிடைத்தது இரண்டே மொச்சை. "இவ்ளோ கஷ்டமா அக்கா?" என்றான்.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பனைமரங்களுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அந்தப் பையனே எல்லாரையும் "உஷ்" என்றான். பிறகு என் காதில் மெதுவாக, "அக்கா, அதுக்கு ஒண்ணு கெடச்சிடுச்சு!" என்றான்.

நம் மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். பறவை எச்சத்தில் தழைச்சத்து உண்டு. அது கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் பறவைகளைச் சுடக்கூடாது என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே அவர்கள் முறையிட்டார்கள். 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் மூலம் பாதுகாப்பும் பெற்றார்கள். 2022-இல் அந்த ஏரி உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமானது. சட்டம் இருந்தாலும், காவல் காப்பது ஊர் ஜனங்கள்தான்.

நண்பர்களே, உங்கள் தம்பி தங்கைக்கும் இந்தச் சோதனையைச் செய்து காட்டுங்கள். மார்கழியில் ஏரி நிறைந்திருக்கும். பெரியவர் துணையில்லாமல் போகாதீர்கள்.

கல்லைக் கீழே போடு, கண்ணைத் திறந்து பாரு!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி