ஆன்டெனா: எதிர்முனை தெரிந்தால் மட்டும் போதாது

தோப்பு வீட்டுக்கு வைஃபை கொண்டுபோக மொட்டைமாடியில் திசை ஆன்டெனா பொருத்துபவர்கள், எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்ததும் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். அது போதாது. ரேடியோ அலை நூல்பிடித்த கோடாகப் போவதில்லை, நடுவழியில் பருத்துச் செல்கிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில், 1 கிலோமீட்டர் இணைப்பின் நடுவே அந்தப் பருத்த பகுதியின் ஆரம் சுமார் 3.6 மீட்டர், அதில் 60 சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும். இன்னும் பெரிய ஆன்டெனா போட்டால் சரியாகாதா என்று கேட்கலாம். சிக்னல் கூடும், உண்மைதான். ஆனால் இந்த இடைவெளி அலைநீளத்தையும் தூரத்தையும் பொறுத்தது, ஆன்டெனாவின் அளவை அல்ல. குறுக்கே நிற்கும் தென்னை ஓலை மழையில் நனைந்தால் சிக்னலை இன்னும் அதிகமாக உறிஞ்சும். ஆகவே முதலில் கம்பத்தை உயர்த்துங்கள், மின்கம்பிக்கு எட்டாத இடத்தில். பிறகு ஒரு முனையை அசைக்காமல் மறுமுனையை மெல்லத் திருப்புங்கள். முதலில் கிடைக்கும் சிக்னல் உச்சம் வலு குறைந்த பக்கக் கற்றையாக இருக்கலாம். இருபுறமும் அகலத் திருப்பிப் பார்த்து, மிக வலுவான இடத்தில் மட்டும் இறுக்குங்கள்.