உயிர் இருந்தால் உடைமை

ஒடிசா மாநிலம் வங்காள விரிகுடாவின் கரையில் உள்ளது. அங்கே அடிக்கடி புயல் வரும்.

1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒரு பெரும் புயல் வந்தது. பாரதீப் துறைமுகத்தின் அருகே அது கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. கடல் பொங்கியது. எர்சமா பகுதியில் மூன்று ஆள் உயரத்துக்குத் தண்ணீர் எழுந்தது. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள்.

புயல் வருவதை வானொலி முன்பே சொன்னது. ஆனால் பல ஊர்களில் ஒதுங்க நல்ல கட்டடம் இல்லை. சிலருக்கோ வீட்டை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை.

ஏன் மனம் வரவில்லை? நினைத்துப் பாருங்கள். தொண்டர் ஒருவர் பாட்டியை அழைக்கிறார்.

"பாட்டி, புயல் வருகிறது. வாருங்கள், போவோம்."

"நான் வரவில்லை, தம்பி. மாட்டை யார் பார்ப்பது? பெட்டியில் கொஞ்சம் நகை இருக்கிறது. திருடன் வந்தால் என்ன செய்வேன்?"

பாட்டி பேராசைக்காரி அல்ல. அந்த மாடு அவர் பல வருடம் உழைத்து வாங்கியது. ஏழைக்கு ஒரு பொருள் போனால் மறுபடி வாங்குவது கடினம். அதனால்தான் அதை விட மனம் வருவதில்லை. ஆனால் வெள்ளம் காத்திருக்காது. பொருளைக் காக்க நின்றால் பொருளும் போகும், உயிரும் போகும்.

ஒடிசா மக்கள் பாடம் கற்றார்கள். கடலோரத்தில் நூற்றுக்கணக்கான புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. ஊர்தோறும் தொண்டர்கள் பயிற்சி பெற்றார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் முன்பே வெளியேறினார்கள். 2019 மே மாதம் ஃபானி புயல் வந்தது. சுமார் 12 லட்சம் பேர் வெளியேறினார்கள். வீடுகள் இடிந்தன, மரங்கள் சாய்ந்தன. ஃபானி புயலில் ஒடிசாவில் 64 பேர் இறந்தார்கள். 1999ஆம் ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

1. ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.
2. நகையும் பணமும் இருந்தால் அதே பையில் வையுங்கள். கிளம்பும்போது அந்த ஒரு பையை எடுத்தால் போதும்.
3. ஆடு மாடுகளை முன்பே மேட்டு நிலத்துக்கு ஓட்டுங்கள். முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்து விடுங்கள். கட்டிக் கிடக்கும் மாடு நீந்த முடியாது.
4. கிளம்பச் சொன்னதும் கிளம்புங்கள். எதையாவது எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

பேசுவோம்:

1. பாட்டி ஏன் வர மறுத்தார்?
2. நீங்கள் தொண்டராக இருந்தால் பாட்டியிடம் என்ன சொல்வீர்கள்?
3. உங்கள் ஊரில் வெள்ளம் வந்தால் எங்கே போவீர்கள்?

எழுதுவோம்:

உங்கள் பையில் வைக்க வேண்டிய ஐந்து பொருள்களின் பெயர்களை எழுதுங்கள்.