சிசிஎன்ஏ: மறுபடி தோற்றுவதற்கு முன்

கேள்வி: சிஸ்கோவின் சிசிஎன்ஏ பரீட்சையில் சித்தியடையாதவர் மறுபடி எப்படித் தயாராவது?
– வாசகர், பேசாலை, மன்னார்

பதில்: தவறியவர் ஐந்து நாட்கள் கழிந்ததும் மறுபடி தோற்றலாம் என்பது சிஸ்கோவின் விதி. கட்டணத்தை ஒவ்வொரு முறையும் முழுதாகக் கட்ட வேண்டியிருப்பதால் அவசரம் கூடாது.

முதலில் புள்ளி அறிக்கையைப் பார்க்க வேண்டும். ஆறு பகுதிகளில் எது பலவீனம் என்பதை அதுவே காட்டிவிடும். பரீட்சையில் ஐபி இணைப்புக்கு 25 வீதம். வலையமைப்பு அடிப்படைக்கும் அணுகலுக்கும் தலா 20 வீதம். இம்மூன்றும் உறுதிப்படாமல் மற்றவற்றில் நாளைச் செலவிடுவது வீண்.

பலர் இடறுவது சப்நெட் கணக்கில். 192.168.10.77/26 என்ற முகவரியை எடுத்தால், /26 இல் ஒரு தொகுதிக்கு 64 முகவரிகள். ஆகவே 77 விழுவது 64 முதல் 127 வரையான தொகுதியில். முதலாவது வலையமைப்புக்கு, கடைசியானது பிரோட்காஸ்டுக்கு. கருவிகளுக்கு மிஞ்சுவது 62. இந்தக் கணக்கு அரை நிமிடத்தில் கைக்கு வர வேண்டும். 120 நிமிடப் பரீட்சையில் கடந்த வினாவுக்குத் திரும்ப முடியாது.

செய்முறைக்கு ரவுட்டர் வாங்கத் தேவையில்லை. இலவசமான பாக்கெட் டிரேசர் மென்பொருளே போதும். ஓஎஸ்பிஎஃப், விலான் இரண்டையும் வேண்டுமென்றே பிழையாக அமைத்து, பிழையைத் தேடித் திருத்துவதுதான் சிறந்த பயிற்சி. கசிந்த வினாக்கள் என்று விற்பவற்றைத் தொடவே கூடாது. பிடிபட்டால் சான்றிதழே பறிபோகும்.

வீட்டிலிருந்து எழுதுபவர் மடிக்கணினியோடு இணைய ரவுட்டருக்கும் மின்தடைக்கான மாற்று மின்வசதி வைக்க வேண்டும். கொழும்பு நிலையத்தில் எழுதுபவர் முதல்நாளே போய்த் தங்குவது நல்லது. இரவு பஸ்ஸில் தூக்கம் கெட்டவருக்குக் கணக்கு ஓடாது.