விளையாட்டில் துணியும் மாணவர் வகுப்பில் ஏன் தயங்குகிறார்?

கைப்பேசி விளையாட்டில் ஒரே கட்டத்தில் முப்பது, நாற்பது முறை தோற்றாலும் சலிக்காமல் மீண்டும் தொடங்குகிறார் ஒரு மாணவர். அதே மாணவர் கணக்குத் தேர்வில் வினாவைப் படித்ததும், ஒரு வரிகூட எழுதிப் பார்க்காமல் இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார். "தப்பா இருந்தாலும் பரவாயில்லை, எழுதிப் பாருப்பா" என்று நாம் எவ்வளவு சொன்னாலும் பலர் எழுதுவதில்லை. ஆர்வமில்லை, பொறுமையில்லை என்று காரணம் சொல்லிவிடலாம். ஆனால், விளையாட்டில் அவர் காட்டும் பொறுமை அந்தக் காரணத்தை ஏற்க விடுவதில்லை.

நான் தேர்ந்த ஆட்டக்காரன் அல்லன். விடுமுறை நாள்களில் எப்போதாவது வீடியோ கேம் விளையாடுபவன். ஆனால், புதிய விளையாட்டு ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம் நானும் மாணவனாகிவிடுகிறேன். மொழியியல் அறிஞர் ஜேம்ஸ் பால் ஜீ, தாமே வீடியோ கேம்களை விளையாடிப் பழகி, அவை கற்றலைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதை 2003இல் ஒரு நூலாகவே எழுதினார். அந்த அளவுக்கு ஆழமாகச் செல்லாமல், நான் கற்றுக்கொண்ட நான்கு விளையாட்டுகளையும் அவை கற்பித்த விதத்தையும் ஆசிரியர் பார்வையில் இங்குப் பகிர்கிறேன்.

1. சூப்பர் மேரியோ: பள்ளம் இல்லாத இடத்தில் பயிற்சி

1985இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு இது. தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து நம்மில் பலர் இளமையில் விளையாடியிருப்போம். இதன் முதல் கட்டத்தில் 'எப்படி விளையாடுவது' என்ற விளக்கம் ஒரு வரிகூட இல்லை. மேரியோ திரையின் இடப்பக்கம் நிற்பார், வலப்பக்கம் வெற்றிடம். எங்கே போக வேண்டும் என்பது சொல்லாமலே புரியும். சிறிது தூரத்தில் ஓர் எதிரி மெதுவாக எதிரே வரும். தாண்டத் தெரியாமல் அதில் மோதினால் ஓர் உயிர் போகும். ஆனால், அந்த இடம் தொடக்கத்திற்கு மிக அருகில் இருப்பதால், சில நொடிகளில் மறுபடியும் அங்கே வந்துவிடலாம். முதல் தவறுக்கு இழப்பு மிகக் குறைவு.

என்னை வியக்க வைத்தது அதே கட்டத்தின் பிற்பகுதி. அங்கே எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் இருக்கும். அவற்றுக்கு இடையே வெறும் தரை. தாவும்போது தவறினால் தரையில் விழுவோம், ஒன்றும் ஆகாது. சற்றுத் தள்ளி ஏறக்குறைய அதே போன்ற இரண்டு படிக்கட்டுகள். ஆனால் இடையே பள்ளம். முதலில் ஆபத்தில்லாத பயிற்சி, பிறகு அதே திறனுக்குச் சோதனை.

நம் வகுப்பில் வேற்றினப் பின்னங்களின் கூட்டலைக் கற்பிக்கும்போது, கரும்பலகையில் இரண்டு கணக்குகள் செய்து காட்டிவிட்டு, மூன்றாவது கணக்கையே மதிப்பெண்ணுக்கு உரியதாக வைத்துவிடுகிறோம். தரை மீது தாவிப் பழகும் வாய்ப்பு நடுவில் விடுபட்டுப் போகிறது.

2. டெட்ரிஸ்: யோசிக்காமல் வரும் திறன்

1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கியது. நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். அவற்றைத் திருப்பி, இடைவெளி இல்லாமல் வரிசையை நிரப்ப வேண்டும். விதி அவ்வளவுதான்.

தொடக்கத்தில் ஒவ்வொரு வடிவத்தையும் எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அதற்குள் அது கீழே வந்துவிடும். அடுத்து எது வரப்போகிறது என்று பார்க்கவே முடியாது. பல நாள் பழகிய பிறகு கை தானாகவே திருப்பத் தொடங்கியது. அதன் பிறகுதான் அடுத்த வடிவத்தைப் பார்க்கவும், முன்கூட்டித் திட்டமிடவும் மனத்திற்கு இடம் கிடைத்தது.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தையின் கவனம் முழுவதும் எழுத்துகளிலேயே செலவாகிவிடுகிறது. வாக்கியம் முடிந்ததும், "என்ன படித்தாய்?" என்று கேட்டால் பதில் வராது. அது புரிதல் குறைபாடு அல்ல; பொருளைக் கவனிக்க மனத்தில் இடமில்லை. வாய்பாடு மனத்தில் நிற்காமல் வகுத்தல் கணக்குப் போடும் மாணவரின் நிலையும் இதுவே. சரளம் வரும்வரை பயிற்சி தேவை. அந்தப் பயிற்சி அவரவர் வேகத்தில் தொடங்கி, திறன் கூடக் கூட வேகமும் கூடுவதாக அமைய வேண்டும்.

3. ஆங்ரி பேர்ட்ஸ்: தவறு விட்டுச் செல்லும் தடம்

பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2009இல் வெளியிட்டது. உண்டிவில்லில் பறவையை வைத்து இழுத்துக் குறி பார்த்து விட வேண்டும். முதல் முயற்சி பெரும்பாலும் தவறிவிடும். ஆனால், அந்தப் பறவை சென்ற பாதை புள்ளிகளாகத் திரையில் நிற்கும். இன்னும் எவ்வளவு இழுக்க வேண்டும், கோணத்தை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை அந்தத் தடமே சொல்லிவிடும். 'தவறு' என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பக்கம், எவ்வளவு தவறு என்றும் காட்டுகிறது.

நம் சிவப்பு மை இதைச் செய்கிறதா? 52 – 27 = 35 என்று எழுதிய குழந்தைக்குப் பெருக்கல் குறி போட்டால் விடை தவறு என்று மட்டுமே தெரியும். அவர் கழிக்கத் தெரியாதவர் அல்லர். ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாததால், பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார். பத்தின் இடத்திலிருந்து கடன் வாங்குவதுதான் புரியவில்லை. அந்த இலக்கங்களை மட்டும் வட்டமிட்டுத் திருப்பித் தந்தால், அடுத்த முயற்சி வேறாக இருக்கும்.

4. மைன்கிராஃப்ட்: வரிசையும் சக மாணவரும்

முழு வடிவில் 2011இல் வந்த இந்த விளையாட்டில், தொடக்க காலத்தில் வழிகாட்டுதல் மிகக் குறைவு. எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர். "முதல்ல மரத்தை அடிங்க சார், கட்டை கிடைக்கும். இருட்டுறதுக்குள்ள வீடு கட்டிடணும்" என்றார். நான் தடுமாறியபோது கைப்பேசியைத் தம் கைக்கு வாங்கிக்கொள்ளவில்லை; அடுத்த ஒரு படியை மட்டும் சொன்னார். பி.எட். வகுப்பில் நாம் படித்த வைகாட்ஸ்கியின் கருத்து இதுதானே! தனியாகச் செய்ய முடியாததை, சற்று அறிந்தவர் துணையோடு செய்ய முடிகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். மரப் பிக்காசால் கல்லை வெட்டலாம், இரும்பு கிடைக்காது. கல் பிக்காசு செய்தால்தான் இரும்பு. இரும்புப் பிக்காசு இருந்தால்தான் வைரம். மரப் பிக்காசோடு வைரத்தை எவ்வளவு நேரம் அடித்தாலும் பயனில்லை. பெருக்கல் வராத மாணவருக்கு மீ.சி.ம., மீ.சி.ம. வராதவருக்கு வேற்றினப் பின்னக் கூட்டல் என்று நாம் நடத்தும்போது, அவர் கையில் எந்தப் பிக்காசு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைகளாகப் பார்ப்பதன் நோக்கமும் இதுவே.

நான்கிலும் பொதுவானது

மாணவர் விளையாட்டில் துணிவதற்குக் காரணம் வண்ணமும் ஒலியும் மட்டும் அல்ல. அங்கே ஒரு தவறின் விலை பத்து நொடி. வகுப்பில் ஒரு தவறின் விலை நாற்பது பேரின் சிரிப்பு, முன்னேற்ற அறிக்கையில் நிலைத்துவிடும் ஒரு மதிப்பெண், சில வேளைகளில் நம் முகச்சுளிப்பு. விலை அதிகமாக இருக்கும் இடத்தில் யாரும் துணிய மாட்டார்கள். காலியாக விட்டால் 'எழுதவில்லை' என்ற பெயர் மட்டுமே. எழுதித் தவறினால் 'தெரியாதவர்' என்ற பெயர். அவர் முன்னதைத் தேர்ந்தெடுக்கிறார்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

• முயற்சித் தாள்: புதிய கருத்தைக் கற்பித்த அன்று, பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் பயன்படுத்திய தாளின் பின்பக்கத்தில் இரண்டு கணக்குகள். பெயர் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். சேகரித்துப் பார்த்தால் வகுப்பு எங்கே தடுமாறுகிறது என்பது தெரியும்.

• இரண்டாம் வாய்ப்பு: வகுப்பறைத் தேர்வுத் தாளில் தவறிய இடத்தை வட்டமிட்டுத் தருங்கள். திருத்தி எழுதியதையும் படித்துக் கையொப்பமிடுங்கள்.

• முதலில் செய்யட்டும்: மின்சுற்றுப் பாடத்தில் வரையறைக்கு முன் குழுவுக்கு ஒரு மின்கலம், கம்பி, சிறு விளக்கு கொடுத்து, எரிய வைக்கச் சொல்லுங்கள். எரியாத முயற்சிகளையும் வரைந்து வைக்கட்டும். திறந்த சுற்று, மூடிய சுற்று என்ற சொற்கள் அதன் பிறகு வந்தால் மனத்தில் நிற்கும்.

• ஒரு படி மட்டும்: சக மாணவர் உதவும்போது விடையைச் சொல்லாமல் அடுத்த படியை மட்டும் சொல்லப் பழக்குங்கள்.

எடுத்துக்கொள்ளக் கூடாதவை

விளையாட்டு முறையில் கற்பித்தல் என்றதும் நாம் முதலில் எடுப்பது புள்ளி, நட்சத்திரம், தரவரிசைப் பட்டியல். உண்மையில் விளையாட்டின் கற்பிக்கும் பகுதி அதுவன்று. பல வேளைகளில் அது ஆளைப் பிடித்து வைக்கும் பகுதி. கேண்டி கிரஷ் விளையாட்டில் ஐந்து உயிர்களும் தீர்ந்தால், காத்திருக்க வேண்டும் அல்லது பணம் செலுத்த வேண்டும். அது கற்பித்தல் அல்ல, வணிகம். உலக சுகாதார நிறுவனம் கட்டுப்பாடற்ற விளையாட்டுப் பழக்கத்தை, 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. ஆகவே, 'கேம் விளையாடுங்கள்' என்று மாணவர்களுக்குச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அன்று.

மேலும், ஆங்ரி பேர்ட்ஸில் குறி தவறாத சிறுவருக்கு எறிபொருளின் பாதை பரவளையம் என்பது தெரியாது. வெல்வது வேறு, புரிந்துகொள்வது வேறு. செய்ததைச் சொல்லாக்கி, ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்திற்குப் பொருத்திக் காட்ட ஆசிரியர் வேண்டும்.

அடுத்த வகுப்பறைத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒன்று செய்து பாருங்கள். தவறான விடைகளை எண்ணுவதற்கு முன், காலியாக விடப்பட்ட இடங்களை எண்ணுங்கள். ஒரு மாதம் முயற்சித் தாளும் இரண்டாம் வாய்ப்பும் கொடுத்துவிட்டு மீண்டும் எண்ணுங்கள். தவறான விடைகள் கூடி, காலி இடங்கள் குறைந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். அந்த மாணவர்கள் தாவிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள்.